நிற்காத கப்பல்

பெரியப்பாவின் கருநீலக் கோட்டில் அந்துருண்டை வாசனை அடிக்கும். ஆண்டுக்கொரு முறை, சுதந்திர தினத்தன்று அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, மார்பில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு, உறுவையாறு கிராமத்தில் எங்கள் பள்ளிக்குக் கொடியேற்ற வருவார். நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, கடற்படையில் இளம் லெப்டினன்டாகப் போருக்குப் போய், பிறகு புயல் நிவாரணத்திலும் பயிற்சிப் பள்ளியிலும் பணியாற்றி, கமாண்டராக ஓய்வுபெற்றவரை ஊரே ‘கப்பக்காரரு’ என்றுதான் சொல்லும். அன்று மட்டும் அவர் தம்பி மகளான என் நடையே மாறிவிடும்.

ஆறாம் வகுப்பு படித்தபோது, கேட்பதற்காகத் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த கேள்வியை விட்டுவிட்டு, “சண்டையில எத்தினி பேர காப்பாத்துனீங்க பெரியப்பா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் மைக்கைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

“ஒருத்தரையும் இல்லம்மா. நாங்க அடிச்ச எதிரிக் கப்பலு முழுவிப் போச்சு. தண்ணியில கெடந்தவங்க கைய ஆட்டுனாங்க. கீழ நீர்மூழ்கி இருக்குது, நிக்காதன்னு உத்தரவு. நிக்கல. அந்தச் சண்டைக்குத்தான் இந்த மெடலு.”

தலைமையாசிரியர் அவசரமாகக் கைதட்ட, நாங்களும் தட்டினோம். எதிரிக்குப் பரிந்து பேசினார் என்று டீக்கடையில் பேச்சு எழுந்தது. “புள்ளைங்ககிட்ட சொல்ற சேதியாண்ணே இது?” என்று அப்பா கத்தினார்.

“கொழந்த கேட்டுச்சு. இன்னா சொல்லச் சொல்ற?” என்று கோட்டைக் கழற்றினார் பெரியப்பா. எல்லாம் என்னால்தான் என்ற பயத்தில் அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை.

அந்த டிசம்பரில் வந்த சுனாமியில், பனித்திட்டு மீனவக் கிராமத்துக்குள் கடல் புகுந்தது. செய்தி கேட்டு ஸ்கூட்டரில் கிளம்பிய பெரியப்பா மூன்று நாள் திரும்பவில்லை. உடையாமல் மிஞ்சிய படகொன்றில் மீனவர்களோடு போய்த் தேடியிருக்கிறார். போதும், திரும்பலாம் என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம், “இன்னொரு தபா சுத்துப்பா” என்றாராம். கிடைத்தவை உடல்கள் மட்டுமே. ஊர் திரும்பியவர், காதோரம் உப்புப் பூத்திருக்க, எங்கள் வீட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, “இந்தத் தபாவும் இல்லம்மா” என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

இப்போது அவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. கப்பலின் பெயர், பதவி, என் பெயர் எல்லாம் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு ஊட்டப் போகிறேன். வாயில் கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடிக்கிறார்.

“எல்லாரும் ஏறிட்டாங்களா?”

“ஏறிட்டாங்க பெரியப்பா.”

அதற்கப்புறம்தான் விழுங்குகிறார்.