தொடர விரும்பாதவர்கள் மட்டும்

கொடைக்கானலில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில், பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழு என் பொறுப்பில் இருந்தது. முதலில் எல்லாரும் எழுதலாம் என்று விட்டிருந்தேன். காலை வணக்கம், ரோஜாப்பூ, சாமி படம், விற்பனைக்கு ஒரு கறவை மாடு என்று வந்து குவியவும் எனக்குப் பொறுக்கவில்லை. இனி ஆசிரியர் மட்டும்தான் எழுத முடியும் என்று பூட்டிவிட்டேன். பெற்றோர் படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் போட்டால் போதும். தனியாகக் கேட்க ஏதாவது இருந்தால் என் எண்ணுக்கு எழுதி அனுப்பலாம், ஆனால் குரல் பதிவு கூடாது. நாற்பது வீட்டுக் கதையைக் காதில் வாங்கிக்கொண்டிருக்க எனக்கு ஏது நேரம்?

எங்கள் பள்ளியில் பத்தாவது முடித்த பிள்ளைகளுக்குத்தான் பதினோராம் வகுப்பில் முதல் உரிமை. மீதி இடங்கள் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு. யார் போகிறார்கள் என்று தெரிந்தால்தான் மீதி எத்தனை என்று சொல்ல முடியும். பொதுத்தேர்வு முடிந்த அன்று மாலை குழுவில் போட்டேன்: "அடுத்த ஆண்டு நம் பள்ளியில் தொடர விரும்பாதவர்கள் மட்டும் கட்டைவிரல் இடவும்." நறுக்கென்று ஒரே வரி. எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு வாரத்தில் ஐந்து பேர் போட்டிருந்தார்கள். அதில் நாலு பேரிடம் போனில் பேசி உறுதி செய்துகொண்டேன். ஐந்தாமவர் மேல்மலைக் கிராமமான கிளாவரையில் பூண்டு போடும் விவசாயி. அவர் மகள் எங்கள் விடுதியில் தங்கிப் படித்தவள், அறிவியலில் படு கெட்டிக்காரி. அவருக்கும் அடித்துப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மூன்று வருடத்தில் ஒரு பெற்றோர் கூட்டத்துக்குக்கூட எட்டிப் பார்க்காத மனிதர், அவரை நான் விரட்டிப் பிடிக்க வேண்டுமா என்று எரிச்சல் வந்தது. மேல்மலையில் பெண்பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்துவது புதிதா என்ன என்று நானே முடிவு கட்டிக்கொண்டு பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தேன்.

தேர்வு முடிவு வந்தது. வகுப்பில் அவள்தான் இரண்டாவது. சேர்க்கைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மூன்றாம் நாள் காலையில், ஆசிரியர் அறை வாசலில் ஒருவர் தயங்கித் தயங்கி நின்றார். ஸ்வெட்டருக்கு மேல் துண்டு, கையில் ஒரு பை நிறையப் பூண்டு. மகளின் பெயரைச் சொல்லி, அவளுடைய அப்பா என்றார்.

"வெள்ளனே பஸ் ஏறுனேன் டீச்சர். லிஸ்ட்டுல பேரு இல்லைன்னு கூடப் படிச்ச பிள்ள சொல்லுச்சு. மன்னிச்சுக்கிடுங்க. காட்டுச் சோலியில கூட்டத்துக்கு ஒருதடவகூட வர முடியல. அதுக்காகப் பிள்ளைய வேணாம்னு சொல்லிறாதீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் எங்கங்க வேண்டாம்னேன்? நீங்கதானே கட்டைவிரல் போட்டு வேண்டாம்னீங்க?"

அவர் விழித்தார். "நீங்க எது சொன்னாலும் போடுவனே டீச்சர். எங்க காட்டுக்கு மேல வளைவுலதான் டவர் கெடைக்கும். அங்க போயி நின்னா எல்லாம் மொத்தமா வந்து விழும். ஒண்ணு விடாமப் போட்டுருவேன். டீச்சர் ஒரு வார்த்த சொல்லி, நாம பதில் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்குமா?"

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். நான் போட்ட அத்தனைக்கும் கீழே அவர் விரல் இருந்தது. மழை விடுமுறை என்று போட்டதற்கு ஒன்று, அந்த விடுமுறை ரத்து என்று போட்டதற்கும் ஒன்று. பிறகு எனக்குத் தனியாக ஏதாவது அனுப்பியிருக்கிறாரா என்று என் போனில் தேடினேன். போன மழைக்காலத்தில் அனுப்பிய ஒரு குரல் பதிவு இருந்தது. நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அவர் முன்னாலேயே அழுத்தினேன். மழை இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"டீச்சர், வணக்கங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நீங்க போடுறதுல பாதி வெளங்கல. மக விடுதியில இருக்கு, வாசிச்சுச் சொல்ல வீட்டுல ஆளில்ல. முக்கியமானதுன்னா மட்டும் ஒரு வார்த்த பேசி அனுப்புங்க டீச்சர்."

பதிவு முடிந்ததும் அவரே பேசினார்: "அன்னிக்கு நல்ல மழ டீச்சர். உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை சிஸ்டரின் அறைக்குப் போனேன். அறிவியல் பிரிவில் அவளுக்குரிய இடத்தை அடுக்கம் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்பாதானே சம்மதம் குடுத்தாரு?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும், என் பேரும் கெட்டிருக்காது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இல்லை சிஸ்டர், என்னால் வந்த வினை என்று சொல்லி, குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு சேர்க்கைப் பட்டியலை எடுத்து விரித்தார்.

"லேப்ல இன்னொரு ஸ்டூல் போட எடம் இருக்கா?"

"போட்டுக்கலாம் சிஸ்டர்."

பட்டியலின் அடியில் தன் கையாலேயே அவள் பெயரை எழுதினார். "இதையும் குரூப்ல போட்டுட்டு உக்காந்துறாதீங்க. நேர்ல போயிச் சொல்லுங்க" என்றார். குத்தல்தான். எனக்கு வேண்டியதுதான்.

வெளியே வந்து சொன்னதும் அவள் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "மக கேட் பக்கத்துல நிக்கிறா டீச்சர். எவ்வளவோ கூப்பிட்டேன், உள்ள வரமாட்டேன்னுட்டா. ரெண்டு நாளாச் சாப்பிடல" என்றார்.

நான் கேட் வரைக்கும் நடந்தேன். அவள் சுவரை ஒட்டி, இரண்டு கைகளாலும் மதிப்பெண் சான்றிதழ் இருந்த கவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மிஸ், நான் என்ன தப்பு செஞ்சேன்?"

இரண்டு நாளாக அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ ஒண்ணும் செய்யலம்மா. தப்பு செஞ்சது நான்" என்றேன்.