பூதக்கண்ணாடி வீட்டுப் பின்கதவு

பாட்டில் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. மருந்து ஊற்றுகிற கண்ணாடி பாட்டில்கள் வெளிச்சம் போட்ட வெள்ளைத் திரைக்கு முன்னால் வரிசையாக ஓடும். அவள் உட்கார்ந்து பார்ப்பாள். மயிரிழை விரிசலோ, உள்ளே ஒரு காற்றுக் குமிழியோ, வாய் கொஞ்சம் கோணியிருப்பதோ அவள் கண்ணுக்குத் தப்பாது. பதினாறு வருஷமாக இதே வேலை. புதிதாகச் சேர்கிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வாள்: ஒவ்வொரு பாட்டிலும் கெட்டது என்று நினைத்தே பார், நல்லதாக இருந்தால் அது தானாகத் தப்பித்துக்கொள்ளும்.

பாட்டிலுக்கு அது சரி. வீட்டு மனிதர்களையும் அப்படியே பார்த்தாள் பாருங்கள், அங்கேதான் வினை.

வீட்டில் மொத்தம் நாலு பேர். கணவன் ஒரு பட்டறையில் லேத் மிஷின் ஓட்டுகிறவன். விடிந்ததும் போனால் மூன்று மணிக்கு வருவான். கொழுந்தன் டிவி ரிப்பேர் கடையில் வேலை. மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து, அண்ணன் வரும்வரை அப்பாவைப் பார்த்துக்கொள்வான். இவளுக்கு இரண்டாவது ஷிப்ட். ஒன்றரைக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். நாலாவது ஆள் மாமனார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது மறதி நோய். நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லை, மகன்களின் பெயரே சில நாள் மாறிப்போகும். ஆனால் இரண்டு மணி ஆனால் டியூட்டிக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மறப்பதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முன்கதவைப் பூட்டிச் சாவியைக் கொழுந்தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்வான். கொல்லைச் சந்துப் பக்கம் திறக்கிற பின்கதவுக்கு உச்சியில் ஒரு தாழ்ப்பாள் அடித்திருந்தார்கள். பெரியவர் கதவின் நடுவில் தடவிப் பார்ப்பார், அண்ணாந்து பார்க்கத் தோன்றாது. அந்தத் தாழ்ப்பாளை நம்பித்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று தொழிற்சாலையில் இருப்பதைப்போலவே ஒரு செக்கிங் தாளைத் தயார் செய்து சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். கேஸ், குழாய், இஸ்திரிப் பெட்டி, மாமனார் மாத்திரை, ஜன்னல், பின்கதவு மேல்தாழ்ப்பாள் என்று ஆறு வரிசை, கிழமைக்கு ஒரு கட்டம். யார் வேலையோ அவர்கள் முடித்ததும் டிக் போட வேண்டும். டிக் போட்டவர்தான் பொறுப்பு, பிறகு அவர் இவர் என்று கை காட்டக் கூடாது என்று அரை மணி நேரம் வகுப்பே எடுத்தாள். "நல்லவேளை, மூச்சு விட்டதுக்குக் கையெழுத்து கேக்கல" என்று கணவன் முணுமுணுத்தான். கொழுந்தன் சிரித்துவிட்டு அன்றைக்கே தன் வரிசையில் டிக் போட்டான். கேஸ், ஜன்னலோடு பின்கதவும் அவள் வரிசை. துணி உலர்த்தக் கொல்லைப்பக்கம் போய்வருகிறவள் அவள்தானே.

கொழுந்தன் மேல் அவளுக்கு ஆறு மாதமாகவே ஒரு சந்தேகக் கண். போன் அடித்தால் எழுந்து பின்பக்கம் போவான். சந்தில் நின்றுகொண்டு கிசுகிசு என்று பேசுவான். இவள் எட்டிப் பார்த்தால் "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவான். செருப்பு இடம் மாறியிருக்கிறதா, கதவு வெறுமனே சாத்தியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். துருவித் துருவிக் கேட்டும் அவன் பிடிகொடுக்கவில்லை. மறைக்கிறவன் மடியில் கனமில்லாமலா மறைப்பான் என்று கணவன் காதில் தினமும் ஓதினாள்.

அந்தப் புதன்கிழமை ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டி வீட்டிலிருந்து போன் என்றார். மாமனாரைக் காணவில்லை. அவள் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் கிடைத்துவிட்டார். மூன்று தெரு தள்ளிப் பஸ் நிறுத்தத்தில், கொட்டுகிற மழையில், வண்டியில் ஏறப் போய் வழுக்கி விழுந்திருக்கிறார். நெற்றியில் ஐந்து தையல். டாக்டர் தைக்கும்போதும், வண்டி லேட்டாகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம் பாவம்.

பின்கதவு திறந்து கிடந்தது. கொழுந்தன் குளித்துக்கொண்டிருந்தபோது போயிருக்கிறார். நான் கதவைத் தொடவே இல்லை என்றான் அவன். பூதக்கண்ணாடி விடுவாளா? நேராகச் சமையலறைக்குப் போய்த் தாளில் விரலை வைத்தாள்.

"நான் தாழ்ப்பாள் போட்டு டிக் போட்டிருக்கேன். அப்புறம் யாரு தொறந்தது? போன் பேசப் போனவங்கதான?"

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பேசாமல் நிற்கிறவன் ஒத்துக்கொண்டான் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். கணவன் அப்பாவின் கட்டுப்போட்ட தலையைப் பார்த்துப் பார்த்து வெந்துபோயிருந்தான். இனிமேல் நீ இங்கே இருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டான். கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, போய்விடுகிறேன் என்றான் அவன். அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மறுபடி மழை. கொழுந்தனின் போன் அடித்தது. அவள் காது தானாகவே விடைத்துக்கொண்டது. இதோ சந்துக்குப் போகப்போகிறான், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தாள். அவன் போகவில்லை. அறையின் மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்று பேசினான். ஒரு பெண்ணோடு பேசுகிற குரல்தான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மழை பெய்தால் சந்தில் எப்படி நிற்பான்? கூரை இல்லை, ஓர் அடி தாழ்வாரம்கூடக் கிடையாது.

புதன்கிழமையும் மழைதான்.

அவள் சமையலறைக்கு நடந்தாள். போய்த் தாளின் முன்னால் நின்றாள். பதினாறு வருஷம் விரிசல் பார்த்த கண் இல்லையா, அது பொய் சொல்லுமா? அவள் போட்ட டிக்குகள் எல்லாம் புதன்கிழமைக் கட்டத்தில் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில், மேலிருந்து கீழே ஒரே மூச்சில் விழுந்திருந்தன. காலை ஒன்பது மணிக்குப் போட்டவை. தொழிற்சாலையில் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம் அது. ஷிப்ட் தொடங்கும்போதே தாள் முழுக்க டிக் அடித்துவிடுவார்கள். எப்படியும் பார்க்கத்தானே போகிறோம், நடுவில் பேனாவைத் தேடுவானேன் என்று. அங்கே அவள் பிறகு நிஜமாகவே பார்த்தாள், அதனால் ஒருநாளும் தப்பு வரவில்லை. புதன்கிழமை துணி எடுக்கக் கொல்லைக்குப் போனபோது மழை பிடித்தது. இரண்டு கையிலும் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்து, குதிகாலால் கதவைத் தள்ளினாள். வேன் ஹாரன் அடித்தது. துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள். தாழ்ப்பாளுக்குக் கை எங்கே போயிற்று? போகவே இல்லை.

யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தாளைக் கிழித்துப் புதுத் தாள் ஒட்டுவது வழக்கம். பழையது குப்பைக்குப் போய்விடும். அவன் போன பிறகு இதைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? அப்படியும் நினைத்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வெள்ளி, சனி இரண்டு நாளும் வாயைத் திறக்காமல்தான் இருந்தாள். கணவன் தன் முகத்தைக் கூர்ந்து பார்க்கிறானோ என்று தோன்றியது. தாளின் பக்கம் யார் போனாலும் திக்கென்றது. பாட்டில்களுக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு விரிசல் பாட்டில் தப்பிப்போய், பக்கத்தில் இருந்தவள் அதை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். சனிக்கிழமை காலையில் மாமனாருக்குச் சோறு ஊட்டப் போனாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டு, "சின்னவன் எங்கே?" என்று கேட்டார். அவனுடைய பெயர் வாயில் வரவில்லை, ஆனால் ஆளைத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். கணவன் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் இருந்தான். வெகு நேரமாக ஒரே பக்கம். அவள் நடுவில் வந்து நின்றாள்.

"நான்தான் தாழ்ப்பாள் போடல. காலையிலேயே டிக் போட்டுட்டேன். அப்புறம் போடாமலே வேலைக்குப் போயிட்டேன். தம்பி மேல தப்பு இல்ல."

பேப்பர் கீழே இறங்கியது. கணவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் அவளைப் பார்க்கவே இல்லை, தம்பியைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கொழுந்தன் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தான்.

போகாதே என்று அவள் கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். அப்பாவுக்குத் தையல் பிரிக்கும்வரை இருக்கிறேன், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றான் அவன். போனில் பேசுவது ஒரு பெண்ணிடம்தான், கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன், நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன் என்பதையும் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் கோபப்படாததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அத்தோடு அவள் வாயை மூடியிருக்கலாம். பழகிப்போன புத்தி விடுமா? விரிசலைத் தேடாமல் இருக்க முடியவில்லை.

"சரி தம்பி, குளிக்கப் போறதுக்கு முன்னாடி நீயாவது ஒரு தடவை தாழ்ப்பாளைப் பார்த்திருக்கலாமே?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க டிக் போட்டிருந்தீங்களே அண்ணி" என்றான்.