கப்பல் பம்பும் என் புஜபலமும்

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தேன். பில் போடுவது, சரக்கோடு கூடப் போய்க் கையெழுத்து வாங்கி வருவது, இவைதான் என் வேலை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்தப் பட்டறையில் என்னால் மட்டுமே முடிந்த வேலை ஒன்று இருந்தது. பலவீனமாக இருப்பது.

விளக்கமாகச் சொல்கிறேன். கப்பல்களிலிருந்து வரும் பம்புகளையும், அவற்றை ஓட்டும் சின்ன டீசல் இன்ஜின்களையும் எங்கள் பட்டறை பழுது பார்த்துக் கொடுக்கும். கப்பலின் இன்ஜின் அறையில் தீப்பிடித்தால் முதலில் போவது கரண்ட். கரண்ட் போனால் தண்ணீர் பம்பும் நின்றுவிடும். சுற்றிலும் கடல் இருந்தும் அணைக்க ஒரு வாளித் தண்ணீர் இல்லாத கதி. அதற்காகவே கப்பலின் வேறொரு மூலையில் தனியாக ஒரு பம்பும், அதை ஓட்டத் தனியாக ஒரு டீசல் இன்ஜினும் வைத்திருப்பார்கள். எங்களிடம் வந்த இன்ஜின்களுக்கு பேட்டரி கிடையாது. ஸ்பிரிங் ஸ்டார்ட்டர்தான். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே ஸ்பிரிங் இறுகிக்கொண்டே போகும். முழுவதும் இறுகியதும் ஒரு லீவரைத் தட்டினால், ஸ்பிரிங் ஒரே மூச்சில் விடுபட்டு இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பிவிடும். ஒரே ஆள் தன் கைபலத்தால் இதைச் செய்ய முடிய வேண்டும். சோதனைக்கு வரும் அதிகாரி கப்பலில் யாரை வேண்டுமானாலும் காட்டி, நீ போய்க் கிளப்பு என்று சொல்லலாம். சமையல்காரரையும் காட்டலாம்.

பட்டறை முதலாளி பூந்தமல்லிக்காரர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு ஸ்டார்ட்டரும் பழுது பார்த்து முடிந்ததும் அவர் ஆபீஸ் பக்கம் பார்த்து, "ஒல்லியைக் கூப்பிடு" என்பார். நான் கார்பன் பேப்பரை வைத்துவிட்டு எழுந்து வந்து கைப்பிடியைச் சுற்றுவேன். முக்கி முனகி நான் சுற்றிவிட்டால் சரக்கு பாஸ். முடியவில்லை என்றால் பிரித்து மறுபடியும் வேலை. "இவன் சுத்திட்டான்னா கப்பல்ல எவன் வேணா சுத்துவான்" என்பது பாயின் கணக்கு. என் உடம்பைப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் கணக்கில் தப்புச் சொன்னதில்லை. அம்பத்தூரிலேயே தன் நோஞ்சான்தனத்துக்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். திருநின்றவூரில் ஒரு வீட்டுக்குப் போனோம். பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் பெண்ணின் தாய்மாமன், நான் கேட்கிற மாதிரியே பக்கத்திலிருந்தவரிடம், "ஏரிக் காத்து பலமா கீதே, மாப்ளைய வெளிய உடாதீங்க" என்றார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யோசித்துச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். எங்கள் ஊரான திருமுல்லைவாயில் வந்து சேர்கிற வரைக்கும் ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே எங்கள் தெருக்கோடி ஜிம்மில் சேர்ந்தேன். தகரக் கொட்டகை, இரண்டு மூன்று இரும்புக் குண்டுகள், ஆளுயரக் கண்ணாடி ஒன்று. கண்ணாடியைப் பார்க்காமலே உடற்பயிற்சி செய்த ஒரே உறுப்பினர் நான். முட்டை, வேர்க்கடலை, ஊறவைத்த கொண்டைக்கடலை என்று என் வயிறு பட்ட பாட்டைப் பக்கத்து சீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். மாதங்கள் ஓடின. தொளதொள என்றிருந்த சட்டைகள் அளவாக வந்து உட்கார்ந்தன. பட்டறையில் ஒருவராவது, என்னடா உடம்பு தேறியிருக்கே என்று கேட்பார்களா என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. வேண்டுமென்றே கையை மடக்கித் தலையைச் சொறிந்துகூடப் பார்த்தேன். "பேன் மருந்து போடு" என்றார் கடைசல் லேத் ஓட்டுபவர்.

அப்போதுதான் ஒரு சரக்குக் கப்பலின் ஸ்டார்ட்டர் வந்தது. ஸ்பிரிங்கைத் தாங்குகிற இடத்தில் இருந்த பால் பேரிங் நொறுங்கிப்போயிருந்தது. அதே அளவில் புதிது எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கப்பலிலிருந்து அவசரப்படுத்தினார்கள். கடைசியில் பேரிங்குக்குப் பதிலாக ஒரு பித்தளை வளையம் கடைந்து போட்டார்கள். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாய் யோசித்துவிட்டு, "ஒல்லி சுத்திப் பாக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார்.

நான் வந்தேன். கைப்பிடியைப் பிடித்தேன். முக்கவில்லை, முனகவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி சுற்றிவிட்டு, லீவரைத் தட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டேன். பாய் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "சும்மா பூ மாதிரி சுத்துது" என்று லேத்காரர் என் முதுகில் தட்டினார். பாராட்டு இயந்திரத்துக்கு என்றாலும் என் மனசு குளிர்ந்துபோனது. அந்த மகிழ்ச்சியில் என் மூளைக்கு ஒரு சின்ன விஷயம் எட்டவில்லை. அதை நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஸ்டார்ட்டரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு எங்கள் பட்டறை மெக்கானிக்கும் நானும் துறைமுகம் போனோம். கப்பலின் பின்பக்கம், ஒரு குறுகலான இரும்பு ஏணி வழியாக இறங்கினால் பம்பு இருக்கும் அறை. மெக்கானிக் ஸ்டார்ட்டரைப் பொருத்தினார். கப்பலின் தலைமை இன்ஜினியர் தன் ஆட்களிடம், வரிசையாக ஒவ்வொருவரும் சுற்றிப் பாருங்கள் என்றார். இரண்டு மூன்று பேர் சுற்றினார்கள். நல்ல வாட்டசாட்டமான ஆட்கள். அவர்களுக்கும் கடைசிச் சுற்றுகளில் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் முடித்துவிட்டார்கள்.

அடுத்து வந்தவருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். இன்ஜின் அறையில் எண்ணெய் போடும் வேலை. காசிமேட்டுக்காரர் என்று அப்புறம் தெரிந்தது. அவர் ஏணியில் இறங்கும்போதே கவனித்தேன், இடது கையால் மட்டுமே பிடித்து இறங்கினார். வலது கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. கைப்பிடியை வலது கையால் ஆரம்பித்தார், பாதியில் இடது கைக்கு மாற்றினார், அப்புறம் இரண்டு கையாலும் தொங்கினார். கைப்பிடி நின்றுவிட்டது.

"கை வழுக்கிடுச்சி சார், இன்னொரு தபா பாக்கறேன்" என்றார். இன்னொரு முறையும் அதே இடத்தில் நின்றது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. மூன்றாவது முறைக்குக் கையைக் கொண்டுபோனபோது தலைமை இன்ஜினியர் தடுத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "விடுய்யா. அதிகாரி வந்து உன்னைக் காட்டினா கப்பலே நின்னுடும். உனக்குப் பதிலா வேற ஆளைக் கேட்டுக்கறேன். நீ கொஞ்ச நாள் வீட்ல இரு" என்றார்.

அந்தக் கொஞ்ச நாளுக்கு என்ன அர்த்தம் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கை சரியில்லை என்று ஒரு கப்பலிலிருந்து இறக்கிவிட்டால் அடுத்த கப்பல் கூப்பிடாது. அவர் கைப்பிடியில் பட்ட வியர்வையைத் துணியால் துடைத்தார்.

நான் எதையும் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகப் பேசிவிட்டது. "சார், அவர் மேல தப்பில்லை. மிஷின்தான் இறுக்கமா இருக்கு" என்றேன். மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வையில் இரும்பு உருகியிருக்கும்.

"மத்தவங்க சுத்தினாங்களே? உங்க பட்டறையில டெஸ்ட் பண்ணித்தானே அனுப்பினீங்க?" என்றார் இன்ஜினியர்.

"பண்ணினோம் சார். இருக்கறதுலயே ஒல்லியான ஆளை வெச்சுத்தான் பண்ணுவோம். அந்த ஆள் நான்தான். இப்ப ஜிம்முக்குப் போறதால கொஞ்சம் பலமாயிட்டேன் சார். அதனால டெஸ்ட்டு தப்பாயிடுச்சு."

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்கு முன்னாடி இதைவிட ஒல்லியாவா இருந்தே?" என்றார்.

அந்தச் சின்ன அறையில் சிரிப்பு எதிரொலித்தது. என் பல மாதத்து முட்டையும் கடலையும் அந்த ஒரு வரியில் போய்விட்டன. ஆனால் அவர் ஸ்டார்ட்டரைக் கழற்றி எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். சரக்கு ஏற்ற இன்னும் சில நாள் ஆகும், அதிகாரி வருவதற்குள் கொண்டுவந்து மாட்டுங்கள், இந்த ஆள் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

ஸ்டார்ட்டரோடு டெம்போவில் திரும்பினோம். பாடி ஊரைத் தாண்டிய பிறகுதான் மெக்கானிக் வாயைத் திறந்தார். "இன்னாடா நீ, வாய மூடிக்கினு கீறதுக்கு இன்னா கேடு. பாய் உன்னை வேலைய உட்டுத் தூக்கப்போறாரு. உன் கல்யாணச் சாப்பாடு போச்சு எனக்கு" என்றார்.

பாய் முழுவதையும் கேட்டார். பக்கத்தில் வந்து, சந்தையில் கத்திரிக்காய் பார்க்கிற மாதிரி என் புஜத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

"பொண்ணு பாத்துட்டு வந்ததுலேர்ந்து பாய்."

உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பித்தளை போட்டது நான். உன் கையை நம்பிப் போட்டேன். சரி, பிரிங்கப்பா" என்றார். அன்று மாலையே பூந்தமல்லி ரோட்டில் லாரிப் பட்டறைகளில் ஏறி இறங்கி, லாரியின் முன்சக்கரத்தில் போடுகிற பேரிங் ஒன்றை வாங்கி வந்தார். அது உட்காரும் இடத்தைக் கொஞ்சம் கடைந்து கொடுத்ததும் பொருந்திவிட்டது.

இப்போது புதுச் சிக்கல். யாரை வைத்துச் சோதிப்பது? நான் பதவி இழந்துவிட்டேன். ஒரு வாரம் பட்டினி கிட என்றார் லேத்காரர். இடது கையால் சுற்றச் சொல்லலாம் என்றார் மெக்கானிக். இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதே வாசலில் வந்து நின்றார் அந்தக் காசிமேட்டுக்காரர். சரக்குப் பெட்டியில் இருந்த முகவரியைப் பார்த்து வைத்துக்கொண்டு, கப்பலில் லீவு சொல்லிவிட்டு ரயிலேறி வந்திருக்கிறார்.

பாயிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. "கப்பல்ல எல்லாரும் பாத்துக்கினு இருப்பாங்க பாய். இங்க ஒரு தபா சுத்திப் பாத்துட்டுப் போறேன். முடியலன்னா நானே இறங்கிக்கிறேன்" என்றார்.

நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் பாய் ஏதோ நினைத்து எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார். வெளியில் நின்று காதால்தான் எண்ணினோம். கைப்பிடி கடகடவென்று போனது. கடைசியில் தயங்கியது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பாய் எட்டிப் பார்த்து, "கைப்பிடியை ஒரு சாண் நீட்டமா பண்ணுங்க" என்றார். நீளமான இரும்பை வளைத்துப் பற்றவைத்தோம். கைப்பிடி நீளமானால் சுமை குறையும்தானே. மறுபடி வெளியே போனோம். இந்தத் தடவை சத்தம் எங்கேயும் நிற்கவில்லை. லீவர் விழுந்த சத்தம் கேட்டது.

அவர் நிறுத்தவில்லை. இன்னொரு முறை சுற்றினார். இன்னொரு முறை. "அண்ணாத்தே, கப்பலுக்குப் போறதுக்குள்ள ஸ்பிரிங் தேஞ்சிடப் போவுது" என்று மெக்கானிக் உள்ளே போனார். காசிமேட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். மெக்கானிக் என் கதையைச் சொல்லியிருப்பார் போல, போகும்போது என் பக்கத்தில் நின்று, "நைனா, பொண்ணு ஊட்ல சரின்னுட்டாங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "சொல்லுவாங்க. ஜிம்மை உட்டுறாதே" என்றார். அவர் வாய் முகூர்த்தம், மறுநாளே சரியென்று சொல்லியனுப்பினார்கள். தாய்மாமன் மட்டும் கடைசி வரைக்கும் ஏரிக் காற்றை மறக்கவில்லை.

சோதனை நாளில் கையெழுத்து வாங்க நானும் போயிருந்தேன். தலைமை இன்ஜினியர் காசிமேட்டுக்காரரை இன்னும் இறக்கிவிடவும் இல்லை, வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லவும் இல்லை. மேல்தளத்தில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அந்த மனிதர் சுத்தமாக ஷேவ் செய்து, சட்டைக் கையை ஏற்கெனவே மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். அதிகாரி வரிசையைப் பார்த்தார். அவரைத் தாண்டிப் பார்வை போனது. ஓர் இளம் மாலுமியைக் காட்டினார். அந்தப் பையன் ஏணியில் துள்ளி இறங்கினான், பம்பு கிளம்பியது, குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கடலில் விழுந்தது. அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்கு நடந்தார். பம்பை நிறுத்தினார்கள், வரிசை கலைந்தது. மடித்த சட்டைக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் நின்றதைப் பார்த்தேன்.

அதிகாரி கப்பலை விட்டு இறங்கிப் போன பிறகு, நான் இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்க பேப்பரை நீட்டிக்கொண்டிருந்தேன். காலடியில் இரும்பு அதிர்ந்தது. சுருட்டாமல் கிடந்த ரப்பர் குழாய் பாம்பு மாதிரி எழுந்தது. நான் திரும்புவதற்குள் வங்கக் கடல் என் மேல் விழுந்தது. பேப்பர், பேனா, கல்யாணத்துக்கு என்று தைத்த புதுச் சட்டை எல்லாம் நனைந்து ஊறிப்போயின.

இன்ஜினியர் ஓடிப்போய் ஏணி வாயில் குனிந்து கத்தினார். "யாருய்யா அங்க ஓட்டறது?"

"நான்தான் சார்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "ஒண்டியாத்தான் சார் சுத்திக் கிளப்பினேன்."

இன்ஜினியர் இன்னும் குனிந்து கீழே பார்த்தார். கீழே அந்த மனிதர் எப்படி நின்றார் என்பதை அவர் மட்டும்தான் பார்த்தார். பிறகு, குரலை இறக்கி, "சரி சரி, நிறுத்திட்டு மேல வா. கப்பல் கிளம்பறதுக்குள்ள உனக்கு ஆயிரம் வேலை கிடக்கு" என்றார்.

சொட்டச் சொட்ட நனைந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிக்க, ரயிலில் நின்றுகொண்டே திருமுல்லைவாயில் வரைக்கும் வந்தேன். இன்றைக்கும் ஒரு பொருளைக் காட்டி, ரொம்ப சுலபமா வேலை செய்யுது என்று யாராவது சொன்னால், யாருக்குச் சுலபம் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.