இரண்டு மேனேஜர்களும் ஒரு காய்ச்சலும்

கிளைகள் பெருகியதும் எங்கள் கம்பெனி ஊழியர் ஒவ்வொருவரையும் இரண்டு ஊர் ஆபீஸ்களில் மாறிமாறி வேலை பார்க்கவிட்டு, ஆளுக்கு இரண்டு மேனேஜர்களை வைத்தது. எனக்குக் கடலூரில் ஒருவர், சிதம்பரத்தில் ஒருவர். சோம்பல் வந்தால் இவரிடம் அங்கே இருப்பதாகவும் அவரிடம் இங்கே இருப்பதாகவும் சொல்லிவிட்டு, மஞ்சக்குப்பத்தில் என் வாடகை அறையில் தூங்குவேன். நாளடைவில் இருவரும் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

அப்புறம் நிஜமாகவே காய்ச்சலில் விழுந்தேன். யாராவது தேடட்டும் என்று வீம்பாக யாரிடமும் சொல்லாமல் கிடந்தேன். மூன்று நாள் போன் அடிக்கவில்லை.

நான்காம் நாள் சிதம்பரம் ஆபீஸ் வாட்ச்மேன் கூப்பிட்டார். "இன்னா சார், ஆளையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கடலூர் ஆபீஸ்ல இருக்கேண்ணே," என்றேன், பழக்கதோஷத்தில்.

"அப்ப சரி சார். நல்லா இருந்தா போதும்," என்று வைத்துவிட்டார்.

மேனேஜர்களைக் குறை சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. என்னைத் தேடிய ஒரே மனிதரையும் பொய் சொல்லித் திருப்பி அனுப்பியது நான்தான்.