ஒரே மனுவில் இரண்டு அரசாங்கம்

எட்டாம் வகுப்பில் ஐந்து நாடுகளின் கூட்டாட்சியை ஒப்பிட்டு நான் வரைந்த சார்ட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதே வருஷம் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது மூட்டை கட்டிய சாமான்களில் அதுவும் ஒன்று. இப்போது போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் நடத்தித்தான் பிழைக்கிறேன். கூட்டாட்சி வரும் நாளில் மட்டும் எனக்குக் கண்மண் தெரியாமல் எரிச்சல் வரும். பாவம் அந்தப் பிள்ளைகள், காரணம் தெரியாமல் திட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

எங்கள் வீடு மலைமேல் அட்டுவம்பட்டி ஊரைத் தாண்டி, சீகை மரக் காட்டுக்கு நடுவே இருந்தது. மண் சுவர், தகரக் கூரை. அப்பா சிறுபிள்ளையாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். இரண்டு தேசத்து அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஜனங்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது இந்தியாவின் பங்கில் விழுந்தவர். இங்கே வந்த குடும்பங்களை ஒரு காண்டிராக்டர் மரம் வெட்டக் கூட்டிவந்தான். வெட்டிய இடத்திலேயே குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னவனும் அவன்தான். வேலை முடிந்ததும் அவன் போய்விட்டான். நாங்கள் எங்கே போவது?

அந்த இடத்துக்குப் பட்டா கேட்டு அப்பா வருஷக்கணக்காக நடந்தார். மலைமேல் இருந்த மாநில அரசு ஆபீசில், "இது காடுய்யா. டெல்லிக்காரங்க சரின்னு சொல்லணும், அங்க போய்க் குடு" என்பார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கீழே இறங்கி மத்திய அரசு ஆபீசில் போய் நின்றால், "மொதல்ல ஒங்க ஸ்டேட்ல இருந்து வரணும்ப்பா" என்பார்கள். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் ஆட்சேபணை மனு கொடுக்காவிட்டால் வீட்டை இடித்துவிடுவார்களாம்.

அந்த வாரம்தான் சமூக அறிவியல் டீச்சர் சார்ட் போடச் சொன்னார். ஆளுக்கு ஒரு விஷயம். அது ஒவ்வொரு நாட்டிலும் எந்த அரசாங்கத்தின் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். போலீசையும் பள்ளிக்கூடத்தையும் நாயுடுபுரத்துப் பிள்ளைகள் முந்திக்கொண்டு வாங்கிவிட்டார்கள். "நீதான் காட்டுக்குள்ளயே குடியிருக்கியே, காட்டை எடுத்துக்கோ" என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த ரோஷத்தில், இந்தக் காட்டை வைத்தே இவர்கள் மூக்கை உடைக்கிறேன் என்று கிளம்பினேன்.

அம்மா கேரட் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அடுப்படித் தரையில் சார்ட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து குந்தினார். என் அறிவைக் காட்டக் கேட்கவா வேண்டும்? கனடாவில் காடு மாகாணத்தின் கையில், ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் மாநிலத்தின் கையில், அமெரிக்காவில் இரண்டு அரசாங்கத்துக்கும் தனித்தனியே காடு, சுவிட்சர்லாந்தில் சட்டம் மேலே, காரியம் கீழே என்று விரல் வைத்துக் காட்டினேன்.

"லயத்துல பெரியாளுக சமஷ்டி சமஷ்டின்னு பேசிக்கிருவாக. அது இதுதானா?" என்றார் அப்பா. லயம் என்றால் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடு; சமஷ்டி என்பது கூட்டாட்சிக்கு இலங்கைப் பெயர். பிறகு, "நம்ம நாட்டுல காடு யாருக்குத் தாயி?" என்று கேட்டார்.

"பொதுப்பட்டியல்ப்பா. முன்னாடி மாநிலத்துக்கு இருந்துச்சு, மாத்திட்டாங்க. இப்ப ரெண்டு பேருக்கும் சேர்ந்தது."

"ரெண்டு பேருக்குமா! அடப்பாவிகளா, ஒருத்தனும் சொல்லலையே. அவன் இவனைக் கை காட்டுறான், இவன் அவனைக் கை காட்டுறான், நான் கிறுக்கன் மாதிரி நடுவுல அலையுறேன்."

அப்போது சொன்னேன், ஒரே மனுவில் இரண்டு பேர் பெயரையும் போட்டுவிடலாம், யாரும் தட்டிக்கழிக்க முடியாது என்று. அப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "வெரசா எழுது தாயி" என்றார். பெறுநர் என்ற இடத்தில் மத்திய அரசு, மாநில அரசு என்று இரண்டையும் குண்டு குண்டாக எழுதினேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார்.

மலைமேல் ஆபீசில் அதை இரண்டு வாரம் வைத்திருந்து, மத்திய அரசுக்கும் எழுதியிருப்பதால் அங்கே கொடுக்கவும் என்று குறிப்பெழுதித் திருப்பினார்கள். கீழே போனார். அங்கே ஒரு வாரம் வைத்திருந்து, மாநில அரசுக்கும் எழுதியிருப்பதால் அங்கே கொடுக்கவும் என்று திருப்பினார்கள். அதற்குள் என் சார்ட்டுக்குப் பரிசும் கிடைத்திருந்ததால், திரும்ப மலைமேல் போன நாளில் நானும் கூடப் போனேன். பாராட்டுவார்கள் என்று நினைப்பு! யூனிபார்ம் போட்டு, இரட்டைச் சடை பின்னிக்கொண்டு போயிருந்தேன்.

"எந்த மடையன்யா இப்படி எழுதிக் குடுத்தான்? இதை எந்த ரிஜிஸ்டர்ல ஏத்துறது? ரெண்டு மனுவா குடுத்திருந்தா ரெண்டு எடத்துலயும் பதிஞ்சிருப்பாங்கள்ல. கெடு நேத்தோட முடிஞ்சு போச்சுய்யா" என்றார் அங்கிருந்தவர்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தோளை அழுத்திப் பிடித்தார்.

"நாந்தாங்க எழுதுனேன். எனக்குப் படிப்பு பத்தாதுங்க."

வெளியே வந்ததும் குதித்தேன். முதல் பரிசு வாங்கிய பெண் எழுதியது என்று சொல்லியிருந்தால் மரியாதையாக வாங்கியிருப்பார்கள், எதற்குப் பொய் சொன்னீர்கள், என் பெயரைச் சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று ரோட்டிலேயே கத்தினேன். "விடு தாயி, மழை வருது, வா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

ஒரு வாரத்தில் வெள்ளனே வீட்டை இடிக்க வந்துவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் யாரும் யாரையும் கை காட்டவில்லை. தகரத்தை மட்டும் கழற்றிக்கொள்ள விட்டார்கள். சுவர் விழ ரொம்ப நேரம் ஆகவில்லை. அம்மா மண்ணில் உட்கார்ந்துகொண்டு அப்பாவைப் பிடிபிடி என்று பிடித்தாள். "ஊர் உலகத்துல ஒருத்தனாவது ஒரே காயிதத்துல ரெண்டு பேருக்கு எழுதுவானா? இருந்த வீட்டையும் தொலைச்சுப்புட்டியே! எவன்யா ஒனக்கு இந்த ரோசனை சொன்னது?"

"எவனும் சொல்லல. எம் புத்திதான் கெட்டுப்போச்சு" என்றார் அப்பா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்சவதானே, நீயே சொல்லு. ஒங்கப்பனுக்கு அறிவு இருக்கா?"

எனக்கு அப்போதும் என் பெயரைச் சொல்லாத கோபம்தான். "இல்லை" என்றேன். அப்பா தகரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பரிசு வாங்கிய என் பெயரைத் திருடிக்கொண்டார் என்றே அன்றைக்கு அவர் முதுகைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டு போனேன்.