வால் போட்ட கையெழுத்து

மூக்குக் கண்ணாடிக் கடையில் மயிரிழை பிசகாமல் லென்ஸ் தேய்க்கிற கைதான், அன்றைக்கு அவள் மானத்தை வாங்கியது. அரசுப் பதிவில் பெயரை மாற்றி, ஆண் என்றிருந்ததைப் பெண் என்று திருத்த, பழைய பெயரில் கடைசியாக ஒரு கையெழுத்து வேண்டுமாம். எட்டு வருஷமாகப் போடாத கையெழுத்து. மூன்று தாள் வீணாகியும் பழைய அடையாள அட்டையில் இருந்ததுபோல் வரவில்லை.

"அதே மாதிரி இருக்கணும்மா," என்றார் குமாஸ்தா, கடுகடுவென்று.

கூட வந்த அக்கா பேனாவைப் பிடுங்கினாள். "தள்ளுடி. உனக்கு இதை உண்டாக்கிக் கொடுத்ததே நான்தானே?"

உண்மைதான். பள்ளிக்கூட நாளில் ஒரு மழை மதியம், நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க இருவரும் கிறுக்கிச் சிரித்தார்கள். "பெரிய அதிகாரி மாதிரி இருக்கணும்டா" என்று அக்காதான் கீழே நீளமாக ஒரு வால் இழுத்தாள்.

இப்போதும் துண்டுத்தாளில் ஒரே இழுப்பில் போட்டுக் காட்டினாள். தங்கை பார்த்துப் போட்டாள். அச்சு அசல்.

"இங்க புதுப் பேர்ல ஒண்ணு," என்றார் குமாஸ்தா.

புதுப் பெயரைத் தடுமாறாமல் எழுதினாள். கை அதோடு நிற்காமல் கீழே நீளமாக இழுத்துவிட்டது.

அக்கா எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். "அந்த வாலை மட்டும் விடமாட்டியே!"