விடுபட்ட நான்காவது குழாய்

பள்ளிக்கூடத்தில் முதலிடம். தனிப்பயிற்சி எதுவும் இல்லாமல் பல் மருத்துவப் படிப்பில் இடம். மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேர்ச்சி. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வருடங்களில், பல்வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால் பிரிவில் மேற்படிப்பும் தங்கப் பதக்கமும். இவ்வளவும் என் தங்கை வென்றவை. நான் பத்தாவது வரைதான்.

கல்லூரியில் அவளிடம் நோட்டு வாங்கிப் படித்துத் தேறிய ஒருவனுக்கு, அவன் அப்பா நடத்திய கிளினிக் தயாராக இருந்தது. அங்கே வாரம் மூன்று நாள் வந்துபோகும் டாக்டராக இவள் சேர்ந்தாள். கருவிகளைக் கழுவி, நீராவியில் வைத்தெடுத்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று நீட்டும் வேலை எனக்கு அங்கேதான். வீட்டில் இவள் அவனுக்கு வைத்த பெயர் மகராசன்.

சிக்கலான பற்களெல்லாம் இவள் கையில். ஆனால் நோயாளியிடம் பேசிப் படுக்கவைப்பது மகராசன்; கண்மேல் துணி போட்ட பிறகுதான் இவள் முகமூடியோடு வருவாள். சிகிச்சை விவரம் எழுதும் கேஸ் ஷீட்டின் அடியில் கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடு, அது மகராசனுக்கு. வலி தீர்ந்தவர்கள் போகும்போது அவன் கையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். இவள் கதவிடுக்கு வழியாக அதைப் பார்ப்பாள்.

ஒருநாள் கல்லூரியிலிருந்து, படித்து முடித்தவர்களுக்கு ஒரு படிவம் வந்தது. எங்கே வேலை, தொழிலில் எவ்வளவு திருப்தி, ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடவும். மகராசன் யோசிக்காமல் ஐந்தை வட்டமிட்டதை இவள் பார்த்துவிட்டாள். அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அவன் அஞ்சு போடாம வேற யாரு போடுவா? கை என்னுது, கண்ணு என்னுது, முதுகுவலி என்னுது. திருப்தி மட்டும் அவனுக்கு."

தன் படிவத்தில் இரண்டைப் போட்டு, அடித்து, ஒன்றாக்கி அனுப்பினாள்.

அதற்கடுத்த மாதம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். முன்பு இவள் ரூட் கெனால் செய்த மேல் கடைவாய்ப் பல்லுக்கு மேலே ஈறு வீங்கியிருந்தது. வரவேற்பறையில் அத்தனை பேர் முன்னால் மகராசனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எம்பொண்டாட்டி முன்னாடிகூட நான் இவ்வளவு நேரம் வாயத் தொறந்ததில்ல. மூணு நாள் தொறந்து காட்டினேனே, உள்ள என்னத்தப் பாத்தீங்க?"

மறைக்காமல் எழுதுகிறேன்: உள்ளே நின்ற என் தங்கைக்கு அது இனித்தது. கையெழுத்துப் போட்டவன் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று நின்றாள்.

எக்ஸ்ரே எடுத்துத் திரையில் பார்த்தோம். பல்லின் மூன்று வேர்க்குழாய்கள் ஒழுங்காக அடைக்கப்பட்டிருந்தன. அந்தப் பல்லில் பலருக்கு முடியளவில் நான்காவது ஒன்று இருக்கும். இவருக்கும் இருந்தது. பதக்கம் வாங்கியவள் அதைத் தேடாமல் விட்டிருந்தாள். அந்த வேலையைச் செய்த மூன்று நாளும் அவள் கண் பாதி நேரம் கதவிடுக்கில் இருந்தது எனக்குத் தெரியும்.

மகராசன் திரையைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். வெளியே போய், தப்பு என்னுடையதுதான், ஒரு குழாயை விட்டுவிட்டேன், இன்றைக்கே சரிசெய்கிறேன் என்றான். ஓட்டுநர் தணிந்துபோனார். இப்படி ஒத்துக்கொள்ளும் டாக்டரைப் பார்த்ததே இல்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் மெச்சவும் செய்தார்.

இவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"பாரேன் அக்கா. என் தப்பக்கூட அவனே எடுத்துக்கிட்டு நல்ல பேரு வாங்குறான்."

விறுவிறுவென்று வெளியே போனாள்.

"அண்ணே, அவர் இல்ல. அந்தப் பல்ல செஞ்சது நான். விட்டதும் நான்தான்."

ஓட்டுநர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீயே செய்ம்மா. விட்ட எடம் உனக்குத்தான தெரியும்."

ஒன்றரை மணி நேரம் ஆனது. அவள் ஒருமுறைகூடக் கதவுப்பக்கம் திரும்பவில்லை. குழாய் கிடைத்தது. பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மகராசன் பேனாவை நீட்டியபோது அதை வாங்காமல் என்னிடம் வேறு பேனா கேட்டாள். 'முதல் சிகிச்சையில் நான் விட்ட குழாய்' என்று கேஸ் ஷீட்டில் எழுதி, அவன் கோட்டுக்குக் கீழே ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டு, அதன்மேல் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். அந்தக் கிளினிக்கில் அவளுடைய முதல் கையெழுத்து அதுதான்.

பக்கத்தில் தேதியும் போட்டாள்: 2019 செப்டம்பர் 18, புதன்கிழமை.